கேள்வி – பதில்: கோரிங்கின் நான்காண்டுத் திட்டம்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில், "1936இல் ஜெர்மனியில் ஹிட்லரின் வலதுகையான ஹெர்மன் கோரிங் தலைமையில் வந்த நான்காண்டுத் திட்டம் போருக்காகப் போட்ட திட்டம்" என்று ஒரு வாசகருக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் விளக்கம் கேட்டார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை முழுக்க இந்த ஒரு விஷயத்தையே பேசிவிடுவோம்.

ஹிட்லர் கொடியவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 60 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தாரே, அதையாவது பாராட்டக் கூடாதா? (கல்லூரி மாணவர், சேலம்)

தம்பி, இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வேலையில்லாத வீட்டின் வலி தெரிந்தவர்கள், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் பதிவு செய்துகொண்ட வேலையில்லாதோர் சுமார் 60 லட்சம் பேர் என்பது உண்மை. 1938இல் ஆளே கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. உலகப் பொருளாதார மந்தம் 1932 கடைசியிலேயே மெல்ல விலக ஆரம்பித்திருந்தது, முந்தைய பிரதமர்களான பாப்பனும் ஷ்லைஷரும் பொதுப்பணிகளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள், அந்தப் பலன் புதிதாக வந்தவர் கணக்கில் சேர்ந்தது. கல்யாணம் ஆகி வேலையை விடும் பெண்ணின் குடும்பத்துக்கு 1,000 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) வரை கடன் கொடுத்தார்கள், அந்தப் பெண்கள் வேலை தேடுவோர் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். யூதர்களையும் இடதுசாரிகளையும் அரசு வேலையிலிருந்து துரத்தி அந்த நாற்காலிகளில் வேறு ஆட்களை உட்காரவைத்தார்கள். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை வந்தது, அதே ஆண்டில் இளைஞர்களுக்கு ஆறு மாதக் கட்டாய உழைப்புச் சேவையும் வந்தது. எல்லாரும் உதாரணம் காட்டும் அந்த நெடுஞ்சாலைகள் இருக்கின்றனவே, அவற்றில் நேரடியாக வேலை செய்தவர்கள் உச்சகட்டத்தில்கூட ஒன்றேகால் லட்சம் பேர் அளவுதான்.

மீதி வேலை ஆயுதத்திலிருந்து வந்தது. 1933இல் ராணுவத்துக்குப் போனது நாட்டு வருமானத்தில் சுமார் 1 சதவீதம், 1938இல் அது கிட்டத்தட்ட 20 சதவீதம். போர் எதுவும் நடக்காத காலத்தில் இப்படி ஒரு பாய்ச்சலை அதுவரை எந்த முதலாளித்துவ நாடும் செய்ததில்லை.

வேலை கிடைத்த வீட்டில் அடுப்பு எரிந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 1933 மே 2ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையில் போட்டார்கள், அதன்பிறகு கூலி மந்தகாலத்து அளவிலேயே கட்டிப்போடப்பட்டது, வேலைநிறுத்தம் கிடையாது. 1935இலிருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வேலைப் புத்தகம். முக்கியமான தொழில்களில் அதை முதலாளி திருப்பிக் கொடுக்காவிட்டால் ஆள் வேறு இடம் போக முடியாது. 1938 ஜூனில் அதையும் தாண்டி, அரசு யாரை வேண்டுமானாலும் பிடித்து எந்த வேலைக்கும் அனுப்பலாம் என்று ஆணை வந்தது, மேற்கு எல்லையில் கோட்டை கட்டுவதற்கு லட்சக்கணக்கானவர்களை அப்படித்தான் கொண்டுபோனார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கேட்காத ஊரில், கேட்காத வேலை. இதை வேலைவாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு ஆயுதத்துக்குப் பணம் ஏது? தோற்ற நாடு, கடன்பட்ட நாடு ஆயிற்றே. (வியாபாரி, விருதுநகர்)

உங்களுக்கு இது சட்டென்று புரியும், ஏனென்றால் இது உண்டியல் சமாச்சாரம், கோயில் உண்டியல் இல்லை, பிறகு பணம் தருவதாக வியாபாரத்தில் எழுதிக்கொள்ளும் சீட்டு.

ரைஷ்பாங்க் என்ற மத்திய வங்கிக்குத் தலைவர் ஹியால்மர் ஷாக்ட், படுகெட்டிக்காரர். குரூப், சீமென்ஸ், ரைன்மெட்டால், குட்டேஹோஃப்னுங்ஸ்ஹுட்டே என்ற நான்கு பெரிய நிறுவனங்களைச் சேர்த்து "உலோக ஆராய்ச்சி நிறுவனம்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்தார். சுருக்கப் பெயர் மெஃபோ. மூலதனம் வெறும் 10 லட்சம் ரைஷ்மார்க். அங்கே ஆராய்ச்சியும் கிடையாது, உலோகமும் கிடையாது. பீரங்கி செய்து கொடுத்தவர் அரசிடம் ரொக்கம் வாங்காமல் மெஃபோ பேரில் உண்டியல் எழுதுவார், மெஃபோ அதை ஏற்றுக் கையெழுத்துப் போடும், எந்த வங்கிக்கு எடுத்துப் போனாலும் பணம் கிடைக்கும், கடைசியில் ரைஷ்பாங்க் பொறுப்பு. 4 சதவீத வட்டி, தவணையைத் தள்ளிக்கொண்டே போய் ஐந்தாண்டு வரை ஓட்டலாம். அரசின் பட்ஜெட்டில் இது கடனாகவே தெரியாது. ஆயுதக் குவிப்பு முதல் உலகப் போரில் தோற்றபின் போட்ட வெர்சாய் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பதால் வெளிநாட்டுக் கண்ணுக்கும் அகப்படக் கூடாது, இந்த ஏற்பாட்டில் இரண்டும் நடந்தது. 1938 வரை இப்படி ஓடிய உண்டியல்களின் மொத்தம் சுமார் 1,200 கோடி ரைஷ்மார்க்.

உள்ளூர்க் காகிதத்தால் வெளிநாட்டு ரப்பரும் தாமிரமும் வாங்க முடியாது, அங்கேதான் இடித்தது. 1934 செப்டம்பரில் ஷாக்ட் "புதிய திட்டம்" என்று ஒன்று கொண்டுவந்தார்: அனுமதி இல்லாமல் எந்த இறக்குமதியும் இல்லை, எந்த நாடு பதிலுக்கு நம் சரக்கை வாங்குகிறதோ அங்கேயே வாங்கு. ஹங்கேரி, ருமேனியா, யுகோஸ்லாவியா, பல்கேரியா எல்லாம் கோதுமையும் எண்ணெயும் பாக்சைட்டும் புகையிலையும் அனுப்பின, அதற்கான பணம் பெர்லினில் ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது, அதைக்கொண்டு ஜெர்மன் சரக்கு மட்டுமே வாங்கலாம். சின்ன நாடுகள் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு வேறு சந்தைக்குப் போக முடியாமல் தவித்தன.

அப்புறம் பறிமுதல். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் உடைத்து எரித்துவிட்டு, மூன்றே நாளில் கோரிங் கூட்டம் போட்டு அந்த யூதர்கள்மீதே 100 கோடி ரைஷ்மார்க் அபராதம் விதித்தார். காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் அரசே எடுத்துக்கொண்டது. அடிபட்டவனிடமே வசூல். அந்தப் பணமும் ஆயுதக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

நான்காண்டுத் திட்டம் என்பது சோவியத் ஐந்தாண்டுத் திட்டத்தின் நகலா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, பெயரில் இருக்கும் ஒற்றுமை உள்ளே இல்லை.

1936 ஆகஸ்டில் ஹிட்லர் ஆல்ப்ஸ் மலையில் ஓபர்சால்ஸ்பெர்க் வீட்டில் இருந்துகொண்டு ஒரு குறிப்பு எழுதினார். போல்ஷ்விசம் என்ற ரஷ்யக் கம்யூனிசம், யூதர்கள் என்று வழக்கமான வெறுப்பு பல பக்கம் ஓடும், கடைசியில் இரண்டே கட்டளை: நான்கு ஆண்டுகளில் ஜெர்மன் ராணுவம் களத்தில் இறங்கத் தயாராக வேண்டும், நான்கு ஆண்டுகளில் ஜெர்மன் பொருளாதாரம் போருக்குத் தகுதியாக வேண்டும். பிரதி கொடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு. பொருளாதார அமைச்சராகவும் இருந்த ஷாக்டுக்கே கொடுக்கவில்லை! செப்டம்பரில் நியூரம்பெர்க் கட்சி மாநாட்டில் மக்களுக்கு அறிவித்தபோது, நம் விஞ்ஞானமும் தொழிலும் உள்நாட்டில் செய்யக்கூடிய எதற்கும் நான்கு வருடத்தில் வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்ற பாதி மட்டும் வந்தது. மற்றப் பாதியைச் சொல்லவில்லை. கேட்டவர்கள் கைதட்டினார்கள், பாவம், அவர்கள் காதில் விழுந்தது தன்மானம் என்ற ஒரு சொல்தான். அக்டோபர் 18ஆம் தேதி கோரிங் கையில் அதிகாரம் வந்தது.

சோவியத் நாட்டில் ஆலைகளே அரசுடையவை. இங்கே முதலாளி முதலாளியாகவே இருந்தார், லாபமும் பார்த்தார், ஆனால் யாருக்கு எவ்வளவு இரும்பு, யாருக்கு அந்நியச் செலாவணி, எதை என்ன விலைக்கு விற்பது என்பதைக் கோரிங்கின் அலுவலகம் தீர்மானித்தது. அதே அலுவலகத்துக்குள் கம்பெனி ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். ரசாயனப் பிரிவின் மூளையாக இருந்த கார்ல் க்ராஃவுக் ஐ.ஜி. ஃபார்பென் என்ற மாபெரும் ரசாயன நிறுவனத்தின் இயக்குநர். எவ்வளவு செயற்கை எண்ணெய், எவ்வளவு வெடிமருந்து வேண்டும் என்று அரசு சார்பில் கணக்குப் போட்டதும், அந்த ஆர்டரில் பெரும் பங்கை வாங்கிக்கொண்டதும் கிட்டத்தட்ட ஒரே வட்டம்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சால்ஸ்கிட்டர் என்ற ஊர் உதாரணம். அங்கே மண்ணுக்கடியில் இரும்புத்தாது ஏராளம், ஆனால் இரும்புச்சத்து 30 சதவீதம் அளவுதான், சிலிக்கா அதிகம், உருக்கினால் கட்டுபடியாகாது. ரூர் பகுதி எஃகு முதலாளிகள் சுவீடனிலிருந்து வரும் தரமான தாதுவை விட்டுவிட்டு இதற்கு வர மாட்டோம் என்றார்கள். கோரிங் 1937 ஜூலையில் தன் பெயரிலேயே ஒரு அரசு நிறுவனம் தொடங்கினார், ரைஷ்வெர்கே ஹெர்மன் கோரிங். எஃகு முதலாளிகள் சேர்ந்து எதிர்ப்பு மனு தயாரித்தபோது அதை நாசவேலையாக எடுத்துக்கொள்வோம் என்று மிரட்டல் போனது, ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் அந்த நிறுவனத்துக்குத் தாங்களே பங்குப் பணமும் கட்ட வேண்டிவந்தது. முந்தைய டிசம்பரிலேயே, வெளிநாட்டில் சொத்தை மறைத்துவைப்பவருக்கு மரண தண்டனை வரை கொடுக்கும் சட்டமும் வந்திருந்தது.

கோரிங்குக்குப் பொருளாதாரம் தெரியுமா? (வாசகி, நாகர்கோவில்)

தெரியாது. அவர் விமானப்படைத் தலைவர். தெரியாதது தடையில்லை, செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்காத ஒருவர்தான் ஹிட்லருக்கு வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்த ஷாக்ட் 1937 நவம்பரில் அமைச்சர் பதவியை விட்டார். பணவீக்கம் வரப்போகிறது என்று 1939 ஜனவரியில் ரைஷ்பாங்க் இயக்குநர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுத்ததும் அந்த வேலையும் போனது. அவரை நல்லவராக்க நான் தயாரில்லை, ஆயுதக் குவிப்புக்கு வழி போட்டுக் கொடுத்தவரே அவர்தான்.

நிலக்கரியிலிருந்து பெட்ரோல், சுண்ணாம்புக்கல்லிலிருந்து ரப்பர் என்று படித்தேன். உண்மையில் முடிந்ததா? (வேதியியல் ஆசிரியை, கோவில்பட்டி)

முடிந்தது அம்மா. அந்த விஞ்ஞானம் நிஜமாகவே பெரிய சாதனை, அதனால்தான் அது போன திசையை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

முதலில் காரணம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்ததில் ஜெர்மனி பட்டினி கிடந்தது, 1916–17 குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அடுத்த போரிலும் அதுவே நடக்கும் என்று தெரியும், அதனால் கடல் வழியாக வரும் எதையும் நம்பக் கூடாது. அவர்களிடம் ஏராளமாக இருந்தது நிலக்கரி ஒன்றுதான்.

பெர்கியஸ் முறையில் நிலக்கரியைத் தூளாக்கிக் கனமான எண்ணெயில் குழைத்து, 200 மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில், 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும், நீண்ட கரிமக் கட்டுகள் உடைந்து பெட்ரோல் கிடைக்கும். இதற்காகப் பெர்கியஸும் கார்ல் போஷும் 1931இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். லொய்னா என்ற ஊரில் ஐ.ஜி. ஃபார்பென் 1927இலிருந்தே இதைச் செய்துவந்தது, ஆனால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்ததால் நஷ்டம். 1933 டிசம்பரில் அரசு ஒப்பந்தம் போட்டது: இவ்வளவு தயாரியுங்கள், நாங்களே வாங்குகிறோம், விலைக்கு நாங்கள் உத்தரவாதம். ஒரு டன் பெட்ரோலுக்குப் பல டன் நிலக்கரியும் மலைபோல எஃகும் செலவாகும், விலையோ இறக்குமதி பெட்ரோலைப் போலப் பல மடங்கு. சாதாரண வியாபாரத்தில் ஒருநாளும் நிற்காது. போரை எதிர்பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது லாபம்.

ரப்பர் இன்னும் சுவாரஸ்யம். நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து கார்பைடு, நம் வெல்டிங் பட்டறையில் இருக்குமே, அதேதான். அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின், அதிலிருந்து படிப்படியாகப் பியூட்டாடையீன், அதைக் கோத்தால் பூனா என்ற செயற்கை ரப்பர். பியூட்டாடையீன், சோடியத்தின் பெயரான நேட்ரியம், இரண்டின் முதல் அசைகளைச் சேர்த்து வைத்த பெயர் அது, மராட்டிய ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1936இல் லொய்னாவுக்குப் பக்கத்தில் ஷ்கோப்பாவ் என்ற இடத்தில் பெரிய ஆலை எழும்பத் தொடங்கியது.

இங்கே எனக்கு நம் ஆட்களின் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து போனது. மலாயாவிலும் இலங்கையிலும் விடிவதற்கு முன்னால் எழுந்துபோய்ப் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். போர் வந்தால் அந்த ரப்பர் பிரிட்டிஷ் கப்பலைத் தாண்டி வராது என்ற பயத்தில்தான் ஷ்கோப்பாவ் ஆலையே முளைத்தது.

அங்கே வீட்டுப் பெண்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான், அக்கா. மற்ற எல்லாரும் எஃகையும் எண்ணெயையுமே கேட்டிருக்கிறார்கள்.

1935 இலையுதிர் காலத்தில் வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் இறைச்சிக்கும் கடை வாசலில் வரிசை நின்றது. இருக்கிற கொஞ்சம் அந்நியச் செலாவணியில் தீவனமும் எண்ணெய் வித்தும் வாங்குவதா, ஆயுதத்துக்கு உலோகம் வாங்குவதா என்ற இழுபறிதான் அந்த வரிசை. இரும்புத்தாது நாட்டைப் பலப்படுத்தும், வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் ஆளைக் கொழுக்கவைக்கும், அவ்வளவுதான் என்ற பொருளில் கோரிங் மேடையில் பேசினார். 1937 தொடக்கத்திலிருந்து வெண்ணெய், மார்கரின் இவற்றுக்கு அளவு வைத்தார்கள், போர் தொடங்க இன்னும் இரண்டரை வருடம் இருந்தபோதே!

குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை "ஒரே பானைச் சாப்பாடு". வீட்டில் அன்றைக்கு இறைச்சி வறுவல் கூடாது, காயும் கிழங்கும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த ஒரு பானைதான். மிச்சமான காசை வாங்கக் கட்சிக்காரர் கதவைத் தட்டுவார். ஏழைகளுக்கான குளிர்கால நிவாரணம் என்று பெயர், கொடுக்காத வீட்டைக் குறித்துக்கொள்வார்கள். துணியில் மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கை இழையைக் கலந்தார்கள், துவைத்தால் நைந்துபோகும் என்று பெண்கள் புலம்பினார்கள். சமையலறையிலிருந்து எலும்பு, கந்தல், பழைய உலோகம், தோலி எல்லாம் தனித்தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், தோலி பன்றிப் பண்ணைக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாரம் 5 ரைஷ்மார்க் ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டினால், 990 மார்க்கில் உங்கள் வீட்டுக்கும் ஒரு கார் என்று 1938இல் அறிவித்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், கட்டினார்கள். அப்படிக் கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஆட்சியில் கார் கிடைக்கவில்லை. ஆலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது.

கடைசியில் தன்னிறைவு வந்ததா, இல்லையா? (வாசகர், கோவை)

இல்லை. எண்ணெய்க்கு வைத்த இலக்கு ஆண்டுக்கு சுமார் 1.38 கோடி டன், 1942இல்கூட எட்டியது 60 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். பூனா மட்டும் 1936இல் சில நூறு டன்னிலிருந்து 1942இல் ஒரு லட்சம் டன்னை நெருங்கியது. உணவில் 1933இல் 80 சதவீதமாக இருந்த தன்னிறைவு ஐந்து வருடப் பிரசாரத்துக்குப் பிறகு 83 சதவீதம், கொழுப்பில் 57. 1939இல் மூலப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் வெளியிலிருந்துதான் வந்தது. செயற்கை எண்ணெயின் முடிவு வேகமாக வந்தது: 1944 மே 12ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் லொய்னா உள்ளிட்ட ஆலைகளைக் குண்டு போட்டு அடித்தன, திரும்பத் திரும்ப அடித்தன, செப்டம்பருக்குள் விமான எரிபொருள் உற்பத்தி ஏப்ரலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெட் விமானத்தையே மாடு பூட்டி ஓடுதளத்துக்கு இழுத்த காலம் அது.

தன்னிறைவு வராது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமே? தெரிந்தும் ஏன் தொடர்ந்தார்கள்? ஆஷ்விட்ஸில் ரப்பர் ஆலை இருந்ததாமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

தெரியும். 1936 குறிப்பிலேயே இருக்கிறது: நிரந்தரத் தீர்வு நிலப்பரப்பை விரிவாக்குவது, அதாவது மூலப்பொருளும் உணவும் விளையும் இடத்தைப் பிடிப்பது, அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் இந்தத் திட்டம். 1937 நவம்பர் 5ஆம் தேதி போர் அமைச்சரையும் முப்படைத் தலைவர்களையும் வெளியுறவு அமைச்சரையும் உட்காரவைத்து ஹிட்லர் பேசியதை கர்னல் ஹோஸ்பாக் எழுதிவைத்திருக்கிறார், முழுத் தன்னிறைவு முடியாது என்பதை அங்கேயும் ஒப்புக்கொண்டு ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா என்று அடுத்த பேச்சுக்குப் போகிறார். நான்கே மாதத்தில் ஆஸ்திரியா கைக்கு வந்தது, அதன் மத்திய வங்கித் தங்கம் ரைஷ்பாங்க் வெளியே காட்டிய கையிருப்பைப் போலப் பல மடங்கு, கூடவே அங்கே ஷ்டைரியா என்ற பகுதியின் இரும்புத்தாது. அடுத்த மார்ச்சில் பிராக், ஸ்கோடா ஆயுத ஆலை. கோரிங் நிறுவனம் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக விழுங்கியது.

உணவிலும் அதே வழி. நான்காண்டுத் திட்டத்தின் விவசாயப் பிரிவை 1936இலிருந்து பார்த்துவந்தவர் ஹெர்பர்ட் பாக்கே. 1941இல் சோவியத் நாட்டின்மேல் பாய்வதற்கு முன்னால், ராணுவம் முழுக்க அந்த மண்ணிலேயே சாப்பிட வேண்டும், உக்ரைன் தானியத்தை ஜெர்மனிக்கு எடுத்துவர வேண்டும், அதனால் அங்கே கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் சாவார்கள் என்று கணக்கெழுதி வைத்தவர் அவர். தெரியாமல் நடந்த பஞ்சமில்லை, முன்கூட்டியே அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து பேசியது. பிடிபட்ட சோவியத் வீரர்களில் மட்டும் சுமார் 33 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பசியிலும் நோயிலும் குளிரிலும்.

ஆஷ்விட்ஸ் கேள்விக்கு வருகிறேன். தொடர்பு நேரடியானது. கிழக்கில் இன்னொரு பூனா ஆலை வேண்டும் என்று திட்டத்தின் ரசாயனப் பிரிவும் ஐ.ஜி. ஃபார்பெனும் சேர்ந்து 1941 தொடக்கத்தில் இடம் பார்த்தபோது, நிலக்கரி, சுண்ணாம்பு, தண்ணீர், ரயில் நான்கும் கிடைத்த இடம் ஆஷ்விட்ஸ் ஊர். வதைமுகாம் பக்கத்திலேயே இருந்ததால் ஆட்களும் உண்டு. சாதாரணக் கூலிக்கு ஒரு நாளைக்கு 3 மார்க், தொழில் தெரிந்தவருக்கு 4 மார்க் என்று கம்பெனி, முகாம்களை நடத்திய நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைக்குக் கட்டியது, உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. 1942இல் ஆலைக்கென்றே மோனோவிட்ஸ் என்ற தனி முகாம் கட்டினார்கள். சிமெண்ட் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும், விழுந்தால் அடி, எழ முடியாதவர்களைப் பொறுக்கி எடுத்து ஆஷ்விட்ஸின் இன்னொரு முகாமான பிர்கெனாவ் விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்தவர்கள் 25,000 பேர் என்று ஒரு மதிப்பீடு.

இதற்காக 1948இல் க்ராஃவுக்குக்கு ஆறு ஆண்டு சிறை விதித்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் ராணுவமான செம்படை வந்து சேர்ந்தபோது அந்த ஆலை நாலு வருட வேலைக்குப் பிறகும் முடியாமல் நின்றது. அதிலிருந்து ஒரு கிலோ ரப்பர்கூட வெளியே வரவில்லை.